மாய்ந்தான் ஒருவன், மாய்த்தவர் எவர்?

1987-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 25-ஆம் நாள். இரவு முதிர்ந்த வேளை. யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பகுதியில், தேடுதல் நடத்திவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது இந்தியப் படையணி ஒன்று. பதுங்கியிருந்தோர் பாய்ந்தனர், துப்பாக்கிகள் முழங்கின. படையணிக்குத் தலைமை தாங்கியவர் மேஜர் இராமசாமி பரமேசுவரன். மகார் ரெஜிமெண்டின் எட்டாவது பட்டாளத்தைச் சேர்ந்தவர், பம்பாயில் பிறந்த தமிழர், அகவை 41. நிலை குலையவில்லை அவர். சுட்டவர்களைப் பின்புறமாகச் சுற்றி வளைத்தார். கைகலப்பு மூண்டது. போராளி ஒருவன் சுட்ட குண்டு அவர் மார்பைத் துளைத்தது. துளைபட்ட மார்போடு அந்தத் துப்பாக்கியைப் பறித்து, சுட்டவனைச் சுட்டு வீழ்த்தினார். பின்னர், உயிர் பிரியும் வரையில் தம் வீரர்களுக்கு ஆணையிட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர். படையணி மீண்டது, அவர் மீளவில்லை.

நாட்டின் உயர் வீரவிருதான பரமவீர் சக்கரம் அவருக்கு, அவர் மறைவுக்குப் பின்னர் அளிக்கப்பட்டது. இலங்கை நடவடிக்கைக்காக அவ்விருது பெற்றவர் அவர் ஒருவரே.

இது வரலாறு. வரலாறு இத்துடன் நின்றிருந்தால் நாம் எழுத வேண்டியது ஏதுமில்லை. மாலை சூட்டி, மௌனம் காத்து, மறுவேலை பார்க்கப் போகலாம். ஆனால் அந்த இரவின் இருளுக்குள்ளே ஒரு கேள்வி கிடக்கிறது. சுட்டவனும் தமிழன், சுடப்பட்டவனும் தமிழன். ஒருவன் கடலுக்கு இப்பக்கத்து அரசின் ஆணையால் அங்கே நின்றான். மற்றவன் தன் மண்ணென்று கருதிய நிலத்தில் நின்றான். இருவரையும் இருட்டில் எதிரெதிரே நிறுத்தியது எது? அந்தச் சாவை ஈகம் என்போமா, வீண் என்போமா? ஈகம் என்றால், எதற்கு ஈந்தது? வீண் என்றால், வீணாக்கியவர் எவர்?

தோழர்களே! இக்கேள்விக்கு நம் நாட்டிலே ஆயத்த விடைகள் இரண்டு உண்டு. கடையிலே கிடைக்கும் ஆயத்த ஆடைகளைப் போல, அளவு பாராமல் எவருக்கும் மாட்டிவிடத்தக்கவை. முதல் விடை சொல்கிறது: "வீரன் வீழ்ந்தான், வணங்கு, வாய் திறவாதே. எதற்காகப் போர், எவருக்காகப் போர் என்றெல்லாம் கேட்பவன் இறந்தவனை இழிவுபடுத்துகிறான்." இரண்டாம் விடை சொல்கிறது: "தமிழர் மீது ஏவப்பட்ட படை அது. அதிலே மாண்டவன் எவனாயினும் நமக்கென்ன? கொல்லப் போனவன் கொல்லப்பட்டான். கண்ணீர் ஏன்?"

இரண்டும் உரத்த குரலில் ஒலிக்கும் விடைகள். இரண்டும் சிந்தனைக்குப் போடப்பட்ட பூட்டுகள். ஒன்று பக்தி போட்ட பூட்டு, மற்றொன்று பகை போட்ட பூட்டு. பகுத்தறிவாளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் நாம் இரண்டையும் திறந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

எப்படி மூண்டது?

முதலில் நிகழ்ச்சிகளை நிரல்படுத்துவோம். 1983 சூலையில் இலங்கையிலே தமிழர் வேட்டையாடப்பட்டனர். கடைகள் எரிந்தன, வீடுகள் எரிந்தன, சிறைக்குள்ளேயே கைதிகள் வெட்டிச் சாய்க்கப்பட்டனர். அதன்பின் அங்கிருந்து வந்த போராளிக் குழுக்களுக்கு இந்திய அரசின் உளவுத்துறையே பயிற்சியும் படைக்கலமும் தந்தது. 1987 சூலை 29-இல் இராசீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டனர். அமைதி காக்கும் படை என்ற பெயருடன் இந்தியச் சேனை கடல் கடந்தது. முதலில் அதனை யாழ்ப்பாணத்து மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். செப்டம்பர் 26-இல் திலீபன் என்ற இளைஞர் நீரும் அருந்தா உண்ணாநோன்பில் உயிர் துறந்தார். அக்டோபர்த் தொடக்கத்தில், பிடிபட்ட விடுதலைப் புலிகள் பன்னிருவர் பலாலியில் நஞ்சுண்டு மாண்டனர். அதே திங்களில் போர் மூண்டது. அமைதி காக்கச் சென்ற படை, ஆயுதம் பறிக்கும் படையாயிற்று. ஆயுதம் பறிக்கும் படை, ஊர் பிடிக்கும் படையாயிற்று.

எண்ணிப் பாருங்கள். 1983-க்குப் பிறகு துப்பாக்கி பிடிக்கக் கற்றுத் தந்ததும் தில்லி. 1987-இல் அத்துப்பாக்கியின் முன்னே தன் வீரனை நிறுத்தியதும் தில்லி! நான்கே ஆண்டுகளில் மாணவன் பகைவனானான். பாடம் நடத்திய ஆசானோ நாற்காலியில் அமர்ந்திருந்தார். களத்திலே நின்றவன் அந்தப் பாடத்திட்டத்தை வகுத்தவனல்லன். பரமேசுவரன் எந்த உடன்படிக்கையிலும் ஒப்பமிட்டவரல்லர். 32 திங்கள் நீடித்த அந்நடவடிக்கையில் மாண்ட 1,100-க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரருள் எவரும் ஒப்பமிட்டவரல்லர்.

ஓர் எழுத்தின் வேற்றுமை

நாம் பள்ளியிலே இலக்கணம் கற்பிப்பவர்கள். தன்வினை, பிறவினை என்று பாடம் நடத்துகிறோம். மாய்ந்தான் என்பது தன்வினை. மாய்த்தான் என்பது பிறவினை. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு மெய்யெழுத்தே வேற்றுமை. மெல்லினம் வல்லினமாகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் எழுத்திலே உலகத்து ஆட்சியாளர் அனைவரும் ஒளிந்துகொள்கின்றனர்!

வீரன் மாய்ந்தான் என்று அறிவிக்கின்றன அரசுகள். தன்வினை! எழுவாய், வீரன். செயல், அவன் செயல். மேடையிலே கொடி, குழலிலே துயரிசை, ஏட்டிலே புகழுரை. வீரனை மாய்த்தது எது என்ற பிறவினை வாக்கியத்தை எந்த அரசும் எழுதுவதில்லை. எழுதினால் எழுவாய் ஒன்று வேண்டுமன்றோ! அந்த எழுவாயின் இடத்தில் அமைச்சர் பெயர் வரலாம். தூதர் பெயர் வரலாம். தவறான உளவுக் கணக்கு வரலாம். ஆத்திரத்தில் எடுத்த முடிவு வரலாம். ஆகவேதான் தன்வினையோடு பாடத்தை முடித்துக்கொள்கிறார்கள்.

ஒரு போர்ச்சாவிலே இரண்டு செயல்கள் கலந்து கிடக்கின்றன என்பதே நாம் சொல்ல விழைவது. ஒன்று, சாகும் வேளையில் வீரன் செய்த செயல். மற்றொன்று, அவனை அங்கே அனுப்பியவர் செய்த செயல். முன்னதை அளக்கும் கோல் வேறு; பின்னதை அளக்கும் கோல் வேறு. இரண்டையும் ஒரே கோலால் அளப்பதினாலேயே நாம் மேலே கண்ட இரு பூட்டுகளும் விழுகின்றன. வீரனின் பெருமையை எடுத்து அரசுக்குச் சூட்டுகிறான் ஒருவன். அரசின் பிழையை எடுத்து வீரன் மீது எறிகிறான் மற்றொருவன். இருவரும் முகவரி மாற்றி மடல் சேர்ப்பவர்கள்!

ஈகம் என்பது என்ன?

ஈகம் என்ற சொல்லை நாம் எளிதாக வழங்குகிறோம். அளந்து வழங்கவேண்டிய சொல் அது. ஆட்டை வெட்டிக் குருதியைத் தெளிக்கிறான் பூசாரி. ஆடு ஈகம் செய்தது என்று சொல்வோமா? சொல்லோம், ஆடு பலியிடப்பட்டது என்போம். ஏன்? ஆட்டுக்கு விருப்பம் இல்லை. வெட்டப்போகிறார்கள் என்ற அறிவு இல்லை. எவருக்காக என்ற நோக்கம் இல்லை. விருப்பம், அறிவு, பிறர் நலம் நாடும் நோக்கம் ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் மட்டுமே ஈகம் பிறக்கிறது.

இந்த மூன்றையும் வைத்து அந்த இரவை உரைத்துப் பார்ப்போம். இலங்கைக்குப் படை அனுப்புவது என்ற முடிவில் அவருக்கு இடமில்லை. அம்முடிவைப் பொறுத்தவரையில் அவர் அனுப்பப்பட்டவர். ஆனால் மார்பிலே குண்டு பாய்ந்த பிறகு, அவர் முன்னே இருந்த சில நொடிகள் அவருடையவை. அந்நொடிகளிலே அவர் தம்மை எண்ணிச் சுருண்டிருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தம்மோடு வந்தவர்கள் உயிரோடு திரும்பவேண்டும் என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். விருப்பம் இருந்தது, சாகப்போகிறோம் என்ற அறிவு இருந்தது, பிறர் நலம் இருந்தது. அது ஈகம். அதனை ஈகம் என்று சொல்ல நாம் எந்த அரசையும் ஆதரிக்கவேண்டியதில்லை. எந்த உடன்படிக்கைக்கும் வக்காலத்து வாங்கவேண்டியதில்லை.

ஆக, பெரிய முடிவைப் பொறுத்தவரையில் பலி. சிறிய நொடியைப் பொறுத்தவரையில் ஈகம். பலியிட்டவர் கணக்குச் சொல்லட்டும். ஈந்தவன் வணக்கம் பெறட்டும்.

"கூலிக்குச் சென்றவன்தானே! ஊதியம் பெற்றானே!" என்று கேட்போரும் உண்டு. ஆம், ஊதியம் பெற்றான். ஆசிரியர் ஊதியம் பெறவில்லையா? மருத்துவர் ஊதியம் பெறவில்லையா? ஊதியம் ஒருவனுடைய உழைப்பை வாங்கும். அவன் நாளை வாங்கும். துளைபட்ட மார்போடு தோழனைக் காக்க வை என்று எந்த ஊதியப் பட்டியலிலும் எழுதியிருக்கவில்லை. அந்தப் பகுதி அவன் தந்த கொடை.

வீரமும் கொடுமையும்

இங்கே நாம் நின்றுவிட்டால், உண்மையின் ஒரு பாதியை மட்டும் சொன்னவர்களாவோம். பாதி உண்மை முழுப் பொய்யினும் கொடிது.

அதே படை, அதே ஆண்டு. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படையினர் நுழைந்தனர். அன்றும் மறுநாளும் மருத்துவரும் செவிலியரும் நோயாளிகளுமாக 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உள்ளிருந்து புலிகள் சுட்டனர் என்று விளக்கம் தரப்பட்டது. கைகளை உயர்த்திக்கொண்டு வந்த மருத்துவரும் சுடப்பட்டார் என்று உயிர் தப்பியோர் உரைத்தனர். 1989 ஆகஸ்டு 2-இல், படைவீரர்கள் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து, வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். கட்டிலிலே கிடந்தவன் எந்த நாட்டின் பகைவன்? வீட்டுக்குள் ஒடுங்கிய மூதாட்டி எந்தப் படையின் தளபதி?

கந்தரோடையில் நடந்தது வீரம். மருத்துவமனையில் நடந்தது கொடுமை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. பரமேசுவரனின் புகழ் அந்த மருத்துவமனைச் சுவரின் மீது பூசும் சுண்ணாம்பு அன்று. அம்மருத்துவமனையின் குருதியும் அவர் நெற்றியில் இடும் கறை அன்று. அவரவர் செயல் அவரவர்க்கு. குலத்தின் பெயரால் மனிதனை அளக்காதே என்று ஊர்தோறும் முழங்குகிற நாம், சீருடையின் பெயரால் மட்டும் மொத்தமாக அளக்கலாமா?

"ஆணை வந்தது, சுட்டேன்" என்பது விடையாகுமா? ஆகாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நூரம்பர்க்கு நகரில் நடந்த வழக்கிலே அந்த வாதம் தள்ளுபடியாயிற்று. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டுப் படைச் சட்டமும் மேலதிகாரியின் சட்டப்படியான ஆணையை மீறுவதையே குற்றமாக்குகிறது. சட்டப்படியான என்ற அந்த ஒரு சொல்லைக் கவனியுங்கள். சீருடை அணிந்த பிறகும் அறிவைக் கழற்றி வைத்துவிடாதே என்று சட்டமே வீரனிடம் சொல்கிறது! போரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவனுக்கில்லை. போரிலே மனிதனாக இருக்கும் கடமை அவனுக்குண்டு.

எதிர்ப்பக்கத்தையும் இதே கோலால் அளக்கவேண்டும். இல்லையேல் நம் கோல் கோலன்று, கொடுங்கோல். 1986-இல் டெலோ இயக்கத்து இளைஞர்களைப் புலிகள் வேட்டையாடினர். அவர்களும் தமிழரே, அவர்களும் விடுதலை வேண்டுமென்றே வீட்டை விட்டு வந்தவர்களே. குப்பியிலே நஞ்சைக் கட்டிக்கொண்டு களம் புகுந்த இளைஞனின் துணிவை நாம் மறுக்கவில்லை. அத்துணிவைக் காட்டி, சக போராளியைக் கொன்ற செயலுக்கு மன்னிப்புக் கேட்பதைத்தான் மறுக்கிறோம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உடற்கூற்றியல் கற்பித்த ராஜினி திராணகம என்ற அம்மையாரை எண்ணிப் பார்க்கிறோம். அவர் கையிலே துப்பாக்கி இல்லை, எழுதுகோல் இருந்தது. இலங்கைப் படை செய்ததை எழுதினார். இந்தியப் படை செய்ததை எழுதினார். புலிகள் செய்ததையும் எழுதினார். நண்பர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலை உருவாக்கினார். 1989 செப்டம்பர் 21-இல், பணி முடித்து மிதிவண்டியில் திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார், அகவை 35. கொன்றவர்கள் புலிகளே என்று அவருடன் பணியாற்றியோர் கூறினர். விருப்பம், அறிவு, பிறர் நலம் ஆகிய மூன்றும் அங்கேயும் இருந்தன. அவருக்கு எந்த அரசும் சக்கரம் தரவில்லை. ஈகம் என்பது சீருடைக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு அந்த ஆசிரியை சான்று.

கல் நாட்டியவர்கள்

தமிழர் பழங்காலந்தொட்டே வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டியவர்கள். தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்கிறது. செங்கம், தருமபுரிப் பக்கங்களிலே நடுகற்கள் நிறைய உள்ளன. ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. ஆநிரையைக் கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. கவர்ந்தது சரியா, மீட்டது சரியா என்ற வழக்கைக் கல் தீர்க்கவில்லை. இன்னான் மகன் இன்னான், இன்ன போரில் வீழ்ந்தான் என்று பொறித்து நிறுத்திக்கொண்டது. அதிலே ஒரு பெருந்தன்மை இருக்கிறது, நாம் கற்கத்தக்கது.

ஆனால் அதன் பிறகு நடந்ததென்ன? கல்லுக்கு எண்ணெய் பூசினர், பூச்சூட்டினர், கள் படைத்தனர், ஆடு வெட்டினர். வீரன் கடவுளானான்! கடவுளானவனிடம் வரம் கேட்கலாம், வழக்குக் கேட்கமுடியாது. "நீ ஏனப்பா செத்தாய்? எந்தத் தலைவனின் மாட்டாசைக்கு உன் உயிர் போயிற்று?" என்று ஒரு கடவுளிடம் எவன் கேட்பான்? கல் இருந்தது, கேள்வி மறைந்தது. பலியானவன் பெயராலேயே மேலும் பலிகள் நடந்தன. இன்றைய அரசுகள் செய்வதும் இதைத்தான். எண்ணெய்க்குப் பதில் மலர்வளையம். பூசாரிக்குப் பதில் அமைச்சர். வீரனைத் தெய்வமாக்குவது அவனை உயர்த்துவதற்காக மட்டுமன்று. கேட்கும் வாயை அடைப்பதற்காகவும்தான். மனிதனாகவே இருக்கட்டும் அவன். மனிதன் மாண்டான் என்றால்தான், காரணம் கேட்கத் தோன்றும்.

புறநானூற்றிலே கோவூர் கிழார் என்ற புலவர் ஒருவரைக் காண்கிறோம். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருத நின்றபோது இடையிலே போய் நின்றார். இருவரும் சோழர், இருவருக்கும் ஒரே பூ; எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடித்துரைத்தார். போருக்குப் பின்னர் இரங்கற்பா இயற்றக் காத்திருக்கவில்லை அவர். போருக்கு முன்னரே கேட்டார். அதுவன்றோ அறிவுடையோர் வேலை! கந்தரோடையின் இருளில் தமிழனும் தமிழனும் எதிர்ப்படுமுன் எத்தனை கோவூர் கிழார்கள் இடையிலே நின்றனர்?

கலிங்கத்தை வென்ற அசோகன், அப்போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் கல்வெட்டிலே தானே பொறித்து வருந்தினான். பிறவினை வாக்கியத்தை எழுதிய மன்னன் அவன். மாய்த்தேன் என்று சொன்னவன்! அவனிடமும் ஒரு குறை உண்டு. கலிங்கத்துத் தௌலியிலும் ஜௌகடாவிலும் உள்ள அவன் கல்வெட்டுகளில் அந்தப் பதின்மூன்றாம் ஆணை இல்லை. ஊரெல்லாம் சொன்னான், உற்றவரிடம் சொல்லவில்லை. அசோகனின் சிங்கத்தை முத்திரையாகக் கொண்ட நம் அரசு, அசோகன் சொன்ன அளவுக்கேனும் சொல்லிற்றா? யாழ்ப்பாணத்து மருத்துவமனையைப் பற்றி எந்தக் கல்லிலே எழுதியிருக்கிறது?

துறைமுகத்தில் ஒரு கேள்வி

1990 மார்ச்சு 24-இல் கடைசி இந்திய வீரரும் இலங்கை மண்ணை விட்டு நீங்கினர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய படையை வரவேற்க, தமிழ்நாட்டின் முதலமைச்சராயிருந்த கலைஞர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது காரணம். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. துரோகம் என்கிறது ஒரு சாரார். மானம் என்கிறது மற்றொரு சாரார்.

நாம் பிரித்துப் பார்க்கிறோம். வரவேற்பு விழா என்பது அரசின் சடங்கு. அதிலே கலந்துகொள்வது, அனுப்பியது சரியே என்று ஒப்பமிடுவதாகும். ஒரு மாநிலத்து மக்கள் அந்தப் போரை ஏற்கவில்லையென்றால், அம்மக்களின் தலைவர் அந்த ஒப்பத்தை மறுப்பது தில்லிக்குச் சொல்லப்படும் செய்தி. மக்களாட்சியிலே அதற்கு இடமுண்டு. ஆயினும், அந்தக் கப்பலில் கால் இழந்தவன் இருந்தான். கண் இழந்தவன் இருந்தான். தோழனைப் புதைத்துவிட்டு வந்தவன் இருந்தான். தில்லிக்குச் சொல்லப்பட்ட செய்தி, வழியிலே அவன் நெஞ்சில் போய்த் தைத்தது. "என்னை அனுப்பியவனை நீங்கள் வெறுக்கிறீர்கள், சரி. நான் செய்த குற்றம் யாது?" என்று அவன் கேட்டால், மேடையேறி விடை சொல்ல நம்மில் எவருக்குத் துணிவு உண்டு? சடங்கை மறுக்கலாம், சக மனிதனை மறுக்கலாகாது. விழாவுக்குப் போகாதவர்கள் மருத்துவமனைக்குப் போகலாம். கைம்பெண்ணின் வீட்டுக்குப் போகலாம். அவள் பிள்ளையின் படிப்பைக் கேட்கலாம். அங்கே இசைக்குழு இருக்காது, மனிதநேயம் இருக்கும்.

எவர் சாவு எண்ணப்படுகிறது?

பரமேசுவரன் பணியாற்றிய ரெஜிமெண்டின் பெயரையும் சற்று எண்ணிப் பார்ப்போம். மகார் என்பது மராட்டியத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் பெயர். 1818-இல் கோரேகானில் போரிட்ட பிரித்தானியப் படையிலே மகார்கள் இருந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில், 'போர்க்குலம்' என்ற பொய்ப் பாகுபாட்டைக் கிளப்பி, அவர்களைப் படையில் சேர்ப்பதையே வெள்ளையர் நிறுத்தினர். படைவீரரின் மகனாகப் பிறந்த அம்பேத்கர் உள்ளிட்டோர் வாதாடினர். 1941-இல்தான் மகார் ரெஜிமெண்ட் உருவாயிற்று. பின்னர் அது எல்லாப் பிரிவினருக்கும் பொதுவாயிற்று.

இதிலிருந்து தெரிவதென்ன? எவன் வீரன், எவன் உயிர் ஈகம், எவன் சாவு வெறுஞ்சாவு என்பதை இயற்கை வகுக்கவில்லை, அதிகாரம் வகுக்கிறது. நேற்று தீண்டாதான் என்று தள்ளப்பட்டவன், அவன் உயிர் தேவைப்பட்டபோது வீரன் என்று அழைக்கப்பட்டான். ஊருக்குள்ளே கிணற்றை மறுத்தவர்கள், எல்லையிலே குருதியை மறுக்கவில்லை!

இறந்தவரை எண்ணுவதிலும் இதே வஞ்சகம். தில்லியில் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்திலே வீழ்ந்த படைவீரர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன, நன்று. 2023 சனவரியில் அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரமவீர் சக்கரம் பெற்ற 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன, அதுவும் நன்று. அமைதிப்படையில் மாண்ட இந்தியருக்குக் கொழும்பை அடுத்த கோட்டேயிலும் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆனால் கோப்பாயிலே புலிகள் தம் மாண்டோரைப் புதைத்த துயிலும் இல்லத்தை, 2009-இல் போர் முடிந்த பின் இடித்துத் தள்ளி, அம்மண்ணின் மேல் படைத்தலைமையகம் எழுப்பியது இலங்கை அரசு. மகனின் புதைகுழி எங்கே என்று தேடும் தாய்க்கு, அவன் எந்தக் கட்சி என்பதா கணக்கு? தோற்றவனின் தாய் அழவும் கூடாதா? பிணத்தின் மீதும் வெற்றி கொண்டாடுவது வீரமாகுமா?

இவ்விரு கணக்கிலும் சேராதவர்கள் மேலும் பலர்: அந்த மருத்துவமனைக் கட்டிலில் மாண்டவர்கள், வல்வெட்டித்துறையில் வீழ்ந்தவர்கள். அவர்களுக்குத் தீவும் இல்லை, சக்கரமும் இல்லை. அவர்கள் எதையும் ஈயவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. ஈந்தவனுக்கு வணக்கம் உரியதென்றால், பறிகொடுத்தவனுக்கு நீதி உரியது. வணக்கம் எளிது, அதற்குத் தலை குனிந்தால் போதும். நீதி அரிது, அதற்குத் தலை நிமிர்ந்து கேட்கவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

சிந்தனையோடு நில்லாமல் செயலுக்கு வருவோம். நம் நாட்டிலே ஒரு படையைக் கடல் கடந்து அனுப்புமுன் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றே ஆகவேண்டும் என்று அரசமைப்பு கட்டாயப்படுத்தவில்லை. ஓர் ஊரில் புதுவரி போடவும் மன்றத்தில் விவாதம் உண்டு. ஆயிரம் உயிர்களைப் பணயம் வைக்க விவாதம் வேண்டாவா? அனுப்புமுன் விவாதிக்கவேண்டும் என்று கேட்போம். நோக்கம் என்ன, எல்லை என்ன, எப்போது திரும்புவது என்ற மூன்றுக்கும் விடை எழுதி வைத்த பிறகே வீரன் கப்பலேறவேண்டும் என்று கேட்போம்.

போர் முடிந்த பிறகு, நடந்தவற்றை மக்கள் முன் வைக்கவேண்டும் என்று கேட்போம். 1962-இல் சீனத்துடன் நடந்த போரைப் பற்றி 1963-இல் அளிக்கப்பட்ட ஆய்வறிக்கையையே இன்னும் முறைப்படி வெளியிடாத நாடு இது. மறைக்கப்பட்ட பிழை மறுபடி நடக்கும். மறுபடி நடக்கும்போது மீண்டும் சாகிறவன் அறிக்கையை மறைத்தவனல்லன், அதைப் படிக்க வாய்ப்பே பெறாத சிற்றூர்ப் பிள்ளை. ஊனமுற்றுத் திரும்பியவனுக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது பிச்சையாக அல்லாமல் உரிமையாகக் கிடைக்கவேண்டும் என்று கேட்போம். பொதுமக்கள் கொல்லப்பட்ட இடத்தில், கொன்றவர் எந்தச் சீருடை அணிந்திருந்தாலும், விசாரணை வேண்டும் என்று கேட்போம். நம் சீருடையாயின் இன்னும் உரக்கக் கேட்போம். ஏனெனில் அது நம் வரிப்பணத்தில் தைக்கப்பட்டது.

இவ்வாறு கேட்பவனை நாட்டுப்பற்று இல்லாதவன் என்பார்கள். சொல்லட்டும். தன் பிள்ளையை அனுப்புமுன் ஆயிரம் கேள்வி கேட்கும் தாய்க்குப் பிள்ளைப்பற்று இல்லை என்றா பொருள்? பற்று இருப்பதனால்தான் கேட்கிறாள். கேள்வி கேட்காமல் அனுப்பிவிட்டு, பிணம் வந்த பிறகு மாலை போடுகிறவனின் பற்றைக் காட்டிலும் அத்தாயின் பற்று பெரிது.

பகுத்தறிவாளனுக்கு மறுமையில்லை. வீரன் வானுலகம் புகுந்தான் என்ற ஆறுதலை நாம் எவருக்கும் விற்கமுடியாது. அவனுக்கு இருந்தது இந்த ஓர் உயிர், அது போய்விட்டது. திரும்பாது, வேறெங்கும் தொடராது. ஆகவேதான் அந்த உயிரின் விலை நம் கண்ணில் மற்றவர் கண்ணில் உள்ளதைவிட உயர்ந்தது. சொர்க்கம் உண்டு என்று நம்புகிறவன் ஒரு சாவை எளிதாகக் கடந்துவிடலாம், நம்மால் இயலாது. ஒரே ஒரு முறை கிடைக்கும் பொருளைச் செலவிடச் சொன்னவர், அதற்குரிய கணக்கை அணுவளவும் பிசகாமல் காட்டியாகவேண்டும்.

பரமேசுவரனை நாம் வணங்குகிறோம் என்றால், தோழர்களைக் காக்கத் தம் கடைசி மூச்சைச் செலவிட்ட மனிதராக வணங்குகிறோம். அன்றிரவு அவர் எதிரே வீழ்ந்தவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே என்பதை மறவாமல் வணங்குகிறோம். வணங்கிய கையை இறக்கியதும், அவரை அங்கே நிறுத்தியவர்களை நோக்கி விரலை நீட்டிக் கேட்கிறோம்.

மாய்ந்தான் ஒருவன். அறிந்தோம், வருந்தினோம். மாய்த்தவர் எவர்? எழுவாயைச் சொல்லுங்கள்!